பெரிய புழுவை மட்டும் விதைக்கு எடுத்தும் கூட்டம் ஏன் மெலிகிறது? (பி.எஸ்.எஃப், பட்டுப்புழு – தேர்வு முறைகள்)

திப்பிமேடு (வாழப்பாடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாட்டுக்கோழிக்குத் தீவனமாக பி.எஸ்.எஃப் (கருப்பு சிப்பாய் ஈ) புழு வளர்க்கிறேன். ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி (சக்கை), கூடவே உழவர் சந்தைக் காய்கறிக் கழிவு, இதுதான் புழுவுக்குத் தீனி. ஆறு தலைமுறையாக ஒவ்வொரு முறையும் தட்டில் கிடக்கும் பெரிய புழுக்களாகப் பார்த்து இருநூறு பொறுக்கி, ஈக்கூண்டுக்கு அவற்றையே விட்டு வந்தேன். விதை நெல்லுக்குக் கதிர் பார்த்து எடுப்பது மாதிரிதானே என்று நினைத்தேன்.

முதல் மூன்று தலைமுறை நன்றாக இருந்தது. நூறு புழு 17 கிராம் இருந்தது 19.5 கிராமுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை. இப்போது 18. அதைவிட மோசம், முட்டை பொரிப்பு குறைந்திருக்கிறது. முன்பு பதினைந்து பதினாறு நாளில் தட்டு முடிந்துவிடும், இப்போது பத்தொன்பது இருபது நாள் இழுக்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்? பட்டுப்பூச்சிக்காரர்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்களே, அவர்கள் எப்படித்தான் தேர்வு செய்கிறார்கள்?

மேச்சேரி மல்பெரி எழுதியது:

அக்கா, நான் பட்டுப்புழு வளர்ப்பவன்தான், ஆனால் தேர்வு எதுவும் நாங்கள் செய்வதில்லை. சாக்கி சென்டரில் (இளம்புழு வளர்த்துத் தரும் இடம்) இரண்டு தோலுரிப்பு முடிந்த புழுவாக வாங்கிக்கொள்கிறோம், கூடு கட்டியதும் அங்காடிக்குப் போகிறது. ஒருமுறை ஆசைப்பட்டு எங்கள் வெள்ளைக்கூட்டிலேயே நல்லதாக எடுத்து முட்டை வைத்துப் பார்த்தேன். பாதிப் புழு ஒரு அளவு, மீதி ஒரு அளவு. ஒரே நாளில் தோல் உரிக்கவே இல்லை. இலை போட நேரம் கணிக்க முடியாமல் அந்த பேட்ச்சே போய்விட்டது. ஏன் என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வித்தகத்தார் எழுதியது:

இருவரும் கேட்பது ஒரே கேள்வியின் இரண்டு முனை. அரசு வித்தகத்தில் (பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடம்) முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேச்சேரித் தம்பிக்கு முதலில். நீங்கள் வாங்கும் வெள்ளைக்கூட்டுப் புழு இரட்டைக் கலப்பினமாகத்தான் இருக்கும். சி.எஸ்.ஆர் என்று பெயரிட்ட தூய வரிசைகளில் (தமக்குள்ளேயே இணை சேர்த்துக் காக்கும் இனங்கள்) 6-ஐயும் 26-ஐயும் சேர்த்து ஒரு பக்கம், சி.எஸ்.ஆர் 2-ஐயும் 27-ஐயும் சேர்த்து இன்னொரு பக்கம், அப்புறம் அந்த இரண்டையும் சேர்ப்பது. நான்கு தூய வரிசைகளின் ரத்தம் அதில் இருக்கிறது. அதன் வீரியம் கலப்பினால் வந்தது. அதையே மறுபடி விதைக்கு வைத்தால் அந்தச் சேர்க்கை கலைந்து, ஒவ்வொரு புழுவும் ஒவ்வொரு பக்கம் சாயும். நீங்கள் பார்த்தது அதைத்தான். ஜப்பானில் டோயாமா கமெட்டாரோ 1906 வாக்கிலேயே முதல் தலைமுறைக் கலப்பினத்தை விவசாயிக்குக் கொடுங்கள் என்று சொன்னவர். அன்றிலிருந்து பட்டுத் தொழிலில் தேர்வு ஒரு இடத்திலும் கலப்பு இன்னொரு இடத்திலும் நடக்கிறது. தேர்வெல்லாம் தூய வரிசைக்குள்தான். விவசாயி கைக்கு வருவது கலப்பு மட்டும். வீட்டு முட்டையில் பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து பரவும் ஆபத்தும் உண்டு. தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்காத முட்டையை வளர்க்கவே கூடாது.

இப்போது வாழப்பாடி அம்மாவுக்கு. இரண்டு கேள்வி. பொறுக்கும்போது புழுவுக்கு எத்தனை நாள் வயது? பொறுக்கும் புழு வெளுப்பா, கருப்பா?

திப்பிமேடு எழுதியது:

ஐயா, நாள் கணக்கு வைத்ததில்லை. கோழிக்கு அள்ளிப் போட்ட பிறகு தட்டில் மிச்சம் இருப்பதில் பெரிதாக எடுப்பேன். பதினெட்டு, இருபது நாள் இருக்கலாம். வெளுப்பும் இருக்கும், கருப்பும் இருக்கும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா?

வித்தகத்தார் எழுதியது:

நிறைய உண்டு, அம்மா. கருப்பாக மாறியது தின்பதை நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாகக் கிளம்பிவிட்டது. அது எடை இழந்துகொண்டிருக்கும். வெளுப்பு இன்னும் தின்றுகொண்டிருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் வேகமாக வளர்ந்து முடித்த நல்ல புழு சின்னதாகத் தெரியும், மந்தமாக இன்னும் தின்னும் புழு பெரிதாகத் தெரியும். அதுவும் முதலில் முடித்த புழுக்களைக் கோழிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தில் பொறுக்குகிறீர்கள். ஆறு தலைமுறையாக நீங்கள் மெதுவாக வளரும் புழுவைத்தான் விதைக்கு எடுத்திருக்கிறீர்கள். பதினைந்து நாள் இருபதானதற்கு இதுவே போதுமான காரணம்.

எடையைத் தேர்வு செய்வதானால் எல்லாத் தட்டுக்கும் ஒரே வயது. பொரித்த நாளிலிருந்து பன்னிரண்டோ பதின்மூன்றோ, ஒன்றும் கருக்காத நாளாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பெரிதாக இருப்பது வேகமாகவும் வளர்ந்திருக்கிறது, பெரிதாகவும் வளர்ந்திருக்கிறது.

இன்னொன்று. வித்தகத்தில் நான் சேர்ந்த புதிதில் விதைக்கூட்டில் கனமானதாகத் தனியே எடுத்து வைத்தேன். மேலதிகாரி வந்து பத்துக் கூட்டை பிளேடால் நறுக்கி, கூட்டுப்புழுவை மேசையில் கொட்டி, “பார்” என்றார். வயிற்றுப் பக்கம், வால் முனைக்குச் சற்று மேலே, எட்டாவது கண்டத்தில் (உடல் வளையத்தில்) மெல்லிய பெருக்கல் குறி மாதிரி கோடு இருந்தால் பெண். அதற்கு அடுத்த கண்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் ஆண். பத்தில் ஒன்பது பெண். முட்டை சுமக்கும் உடம்பு கனமாகத்தான் இருக்கும். கனத்தை மட்டும் பார்த்தால் தேர்வு ஆவது பெண் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அப்புறம் ஆணைத் தனியாக, பெண்ணைத் தனியாகக் கொட்டி, அதனதன் கூட்டத்தில்தான் எடை பார்ப்போம். 2 கிராம் பெண் கூட்டில் ஓடு (உள்ளே இருக்கும் புழுவை நீக்கிய வெறும் கூடு) 0.44 கிராம் என்றால் ஓட்டு விகிதம் 22 சதவீதம். 1.6 கிராம் ஆண் கூட்டில் ஓடு 0.38 இருந்தாலே 23.75 ஆகிவிடும். கூட்டெடை பார்த்தால் பெண் ஜெயிக்கும், ஓட்டு விகிதம் பார்த்தால் ஆண் ஜெயிக்கும். பிரிக்காமல் தேர்வே கிடையாது.

விலங்கியல் மாணவி (சேலம்) எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். பி.எஸ்.எஃப்-இலும் பெண்தான் கனம். புழுவாக இருக்கும்போது ஆண் பெண் பார்த்துப் பிரிக்க முடியாது. அக்கா எடுத்த பெரிய புழுக்களில் பெண் அதிகம் இருந்திருக்கும், ஆண் குறைந்திருக்கும். உதாரணமாக நூறில் 90 பெண், 10 ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபுக் கணக்கில் அது நூறு பேர் கூட்டம் இல்லை. நான்கை இரண்டு எண்ணிக்கையோடும் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 4 × 90 × 10 ÷ 100 = 36. முப்பத்தாறு பேர் கூட்டம் எந்த வேகத்தில் உறவுக் கலப்பில் (நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்வதில்) போகுமோ அந்த வேகத்தில் இது போகும், தலைமுறைக்குச் சுமார் 1.4 சதவீதம். போதாததற்கு ஈக்கூண்டில் எல்லா ஆணும் இணை சேர்வதில்லை, உண்மையான எண் இன்னும் கீழே இருக்கும். முட்டை பொரிப்பு குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் எனக்கு இதைவிட வேறொரு சந்தேகம். அக்கா, தட்டுக்கு எத்தனை புழு விடுகிறீர்கள்? எண்ணுகிறீர்களா?

திப்பிமேடு எழுதியது:

எண்ணுவதில்லை தங்கச்சி. ஒரு முட்டைக் கட்டு (ஒரு ஈ ஒரே இடத்தில் இட்ட முட்டைகள்) ஒரு தட்டு. தீனி எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு, இரண்டு கிலோ.

விலங்கியல் மாணவி எழுதியது:

அப்படியானால் எனக்குத் தோன்றுவது இது. ஒரு கட்டில் ஐநூறு முட்டை இருந்து எல்லாம் பொரித்தால் ஐநூறு வாய்க்கு இரண்டு கிலோ. இன்னொரு கட்டில் பாதிதான் பொரித்தது என்றால் இருநூற்றைம்பது வாய்க்கு அதே இரண்டு கிலோ. இரண்டாவது தட்டில் புழு கொழுகொழு என்று இருக்கும். நீங்கள் பெரிய புழுவைத் தேடிப் போகும்போது கை அந்தத் தட்டுக்குத்தான் போகும். சரியாகப் பொரிக்காத தாயின் பிள்ளைகளை, நெரிசல் இல்லாததால் பெருத்தவர்களை, ஒவ்வொரு முறையும் விதைக்கு எடுத்திருப்பீர்கள். பொரிப்பு குறைவது தற்செயல் இல்லை, அதையும் சேர்த்தே தேர்வு செய்திருக்கிறீர்கள்.

வித்தகத்தார் எழுதியது:

இந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்துவிட்டது. பட்டுப்புழுவிலும் இதுதான். படுக்கையில் இடம் விட்டு வளர்த்தால் கூடு பெருக்கும், அது மரபு ஆகாது. அதனால்தான் தூய வரிசையில் ஒவ்வொரு முட்டைத் தொகுதியையும் தனித்தனியாக வளர்த்து, மூன்றாவது தோலுரிப்புக்குப் பிறகு புழுக்களை எண்ணி எல்லாத் தட்டிலும் சமமாக வைப்போம். எண்ணாமல் ஆரம்பித்தால் கடைசியில் எடைக்கு அர்த்தமே இல்லை.

இரண்டு படி உண்டு. முதலில் தொகுதியைத் தேர்வு செய்வோம்: எந்தத் தாயின் பிள்ளைகள் அதிகம் பிழைத்துக் கூடு கட்டின? பிழைப்பை ஒரு தனிப் புழுவில் பார்க்க முடியாது, அது இருக்கும் அல்லது செத்திருக்கும். குடும்பமாகப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் தேறிய தொகுதிகளுக்குள் போய்க் கூட்டெடையும் ஓடும் பார்த்துத் தனிக்கூடு எடுப்போம். எடை பெற்றோரிடமிருந்து நன்றாகவே இறங்கும், அதற்குத் தனித்தேர்வு போதும். பிழைப்பு அவ்வளவு சுலபமாக இறங்காது, அதற்குக் குடும்பத் தேர்வுதான் வழி. எடையை மட்டும் துரத்திப் பிழைப்பைக் கோட்டை விட்ட வரிசைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடு அழகாக இருக்கும், நூறு புழுவில் ஐம்பது கூட்டுக்கு வராது.

ஓமலூர் மீன்குட்டை எழுதியது:

இவ்வளவு சிரமம் தேவையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நானும் பி.எஸ்.எஃப்தான் வளர்க்கிறேன், மீனுக்கு. வெளிநாட்டில் வெறும் எடை பார்த்துத் தேர்வு செய்தே நல்ல பலன் எடுத்திருக்கிறார்களே. வேறு இடத்திலிருந்து புது முட்டை வாங்கிக் கலந்துவிட்டால் ஒரே வாரத்தில் வீரியம் வந்துவிடாதா?

விலங்கியல் மாணவி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்லும் நெதர்லாந்து ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நானும் படித்தேன். புழு எடையை மட்டும் பார்த்துப் பல தலைமுறை தேர்வு செய்தார்கள். தேர்வு செய்யாத மூலக்கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு புழுவின் எடை சராசரியாக 39 சதவீதம் கூடியது. ஆனால் ஒரு வளர்ப்புப் பெட்டிக்குக் கிடைத்த பச்சை எடை 34 சதவீதம்தான் கூடியது, உலர் எடை 26 சதவீதம். புழு பெருத்த அளவுக்குப் பெட்டி பெருக்கவில்லை. அப்படியும் அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், தட்டுக்குத் தட்டு எண்ணிக்கை, தீனி, வெப்பம் எல்லாம் ஒன்றாக வைத்ததும், ஒப்பிட ஒரு மூலக்கூட்டம் பக்கத்திலேயே இருந்ததும்தான். நம் வீட்டுக் கொட்டகையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

புது முட்டை கலப்பது பற்றி. பலன் இருக்கலாம், குறிப்பாக உறவுக் கலப்பால் மெலிந்த கூட்டத்துக்கு. ஆனால் அந்த ஏற்றம் முதல் கலப்புக்கு உரியது. அவற்றையே தமக்குள் இணை சேர விட்டால் அடுத்த தலைமுறையில் கலப்பு வீரியத்தில் பாதி போய்விடும். மேச்சேரி அண்ணன் வெள்ளைக்கூட்டில் பார்த்ததும் கலப்பு அப்படிக் கலைவதன் இன்னொரு பக்கம்தான். அப்புறம், உலகம் முழுக்க வளர்க்கும் பி.எஸ்.எஃப் கூட்டங்களில் பெரும்பகுதி வட அமெரிக்க வளர்ப்பு வகையிலிருந்து கிளைத்தவை என்று மரபு ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு ஊரில் வாங்கினாலும் அதே ரத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு.

நாகலூர் காபி (ஏற்காடு) எழுதியது:

ஒரு வருடமாக மேலே வளர்த்துப் பார்த்ததில் கண்டதைச் சொல்கிறேன். வாழப்பாடி அக்காவிடம்தான் முதல் முட்டை வாங்கினேன். கீழே பதினாறு நாளில் முடிந்தது, நாகலூரில் மார்கழி மாதம் இருபத்தாறு நாள் ஆனது. அது குளிர், எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது வேறு. எட்டு முட்டைக் கட்டுகளில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, பாதி தம்பி வீட்டில் அயோத்தியாப்பட்டணத்தில், பாதி இங்கே என்று வைத்தேன். கீழே முதலாவதாக வந்த கட்டு இங்கே ஆறாவது. இங்கே முதலாவதாக வந்தது கீழே நடுவில். எட்டுக் கட்டு பெரிய கணக்கு இல்லை என்று தெரியும், இருந்தாலும் மனதில் நின்றுவிட்டது.

வித்தகத்தார் எழுதியது:

நாகலூர்த் தம்பி, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைவோல்டைன் (வருடத்துக்கு இரண்டு தலைமுறை வரும் இனம்) வரிசைகளை வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியில், நல்ல இலையோடு வளர்த்துத் தேர்வு செய்கிறோம். அதையே சித்திரை வெயிலில் மேட்டூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வைத்தால் தடுமாறும். எங்கே வளரப் போகிறதோ அங்கே தேர்வு செய்ய வேண்டும். வாழப்பாடி அம்மா திப்பியில் வளர்க்கிறார் என்றால் திப்பியில்தான் தேர்வு. கோழித்தீவனத்தில் தேர்வு செய்து திப்பிக்குக் கொண்டுவந்தால், அங்கே முதலாவதாக வந்தது இங்கே முதலாவதாக வராமல் போகலாம்.

திப்பிமேடு எழுதியது:

இவ்வளவும் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. ஆறு தலைமுறை, ஒன்பது மாதம். சரி, போனது போகட்டும். இனி எப்படி ஆரம்பிப்பது? என்னிடம் முப்பது தட்டு வைக்கத்தான் இடம் இருக்கிறது.

விலங்கியல் மாணவி எழுதியது:

முப்பது தாராளம் அக்கா. ஈ முட்டையிட வைக்கும் அட்டையின் துளைகளில் இட்ட கட்டுகளில் இருபதைத் தனித்தனியாக எடுங்கள். ஒரே துளையில் இரண்டு ஈ இட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். தனித்தனியாகப் பொரிய விட்டு, ஐந்தாம் நாள் ஒவ்வொன்றிலும் இருநூறு புழு எண்ணி ஒரு தட்டு. பொரிப்பு எவ்வளவு என்று தோராயமாக எழுதிக்கொள்ளுங்கள், ரொம்ப மோசமான கட்டுகளை அப்போதே கழித்துவிடலாம். பதின்மூன்றாம் நாள் எடை.

இதில் முக்கியமான முடிவு ஒன்று. மூலைத் தட்டு, சன்னலோரத் தட்டு, அடித்தட்டு எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்காது. தட்டுச் சராசரியை வைத்து ‘இந்தக் குடும்பம் நல்லது’ என்று சொன்னால் அது சன்னலின் பெருமையாக இருக்கலாம். அதனால் எடைக்குக் குடும்பத்துக்குள் தேர்வு செய்யுங்கள்: ஒவ்வொரு தட்டிலும் பெரிய பத்து. ஒரே தட்டில் எல்லோருக்கும் ஒரே வெப்பம், ஒரே தீனி, அங்கே பெரிதாக இருப்பது ஓரளவு தன் திறமையால் இருக்கிறது. எல்லாத் தாயிடமிருந்தும் சமமாகப் பிள்ளை எடுப்பதால் உறவுக் கலப்பின் வேகமும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். முன்னேற்றம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். உங்கள் கொட்டகைக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

மீதிப் பத்துத் தட்டில் பழைய கூட்டத்தைத் தேர்வே செய்யாமல் கண்ணை மூடி எடுத்து வளருங்கள். அது இல்லாவிட்டால் எது தேர்வின் பலன், எது பருவத்தின் பலன் என்று பிரிக்க முடியாது. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓமலூர் மீன்குட்டை எழுதியது:

பத்துத் தட்டைச் சும்மா வைப்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் நானும் செய்து பார்க்கிறேன். ஆணும் பெண்ணும் பிரிக்க முடியாத சிக்கலுக்கு என்ன வழி?

விலங்கியல் மாணவி எழுதியது:

தட்டுக்குப் பத்து என்று கொஞ்சம் தாராளமாக எடுத்தால் ஆணும் வந்து சேரும். ஈயாக வெளிவந்ததும் வால் முனையைப் பார்த்துப் பிரித்து எண்ணலாம். ஆண் ரொம்பக் குறைந்தால் அடுத்த முறை தட்டுக்குப் பதினைந்து எடுங்கள்.

திப்பிமேடு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

ஒரு தலைமுறை முடிந்தது. எண்களைத் தருகிறேன், தங்கச்சி கணக்குப் போட்டுச் சொல்லவும்.

போன தலைமுறை பதின்மூன்றாம் நாள், நூறு புழு 16 கிராம். பொறுக்கியவை நூறுக்கு 20 கிராம். அவற்றின் பிள்ளைகள் அதே நாளில் 17 கிராம். தேர்வு செய்யாத தட்டுகள் 16-லிருந்து 16.4. இருநூறு எண்ணுவதற்குப் பழைய தேநீர் வடிகட்டியும் ஒரு கோழி இறகும் பயன்பட்டன. இறகால் தள்ளினால் புழு நசுங்குவதில்லை. முதல் தட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, கடைசித் தட்டுக்குப் பத்து நிமிடம்.

பொரிப்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. இருபதில் மூன்று கட்டுகளை ஐந்தாம் நாளே கழித்துவிட்டேன். அந்த மூன்றில் ஒன்றை எண்ணாமல் தனியாகப் போட்டுப் பார்த்தேன். தட்டு முழுக்க அறுபது எழுபது புழுதான். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி தடிமன். முன்பாக இருந்தால் அதைத்தான் விதைக்கு எடுத்திருப்பேன்.

விலங்கியல் மாணவி எழுதியது:

அக்கா, அந்தக் கடைசிப் பத்தியை என் வகுப்பில் வாசித்துக் காட்டலாமா?

கணக்கு: பொறுக்கியவை சராசரியைவிட ஒரு புழுவுக்கு 40 மில்லிகிராம் கூட. பிள்ளைகள் ஏறியது 10 மில்லிகிராம். அப்படியே பார்த்தால் பெற்றோரின் கூடுதலில் பிள்ளைக்கு இறங்கியது நாற்பதில் பத்து, 0.25. ஆனால் ஒன்றும் செய்யாத கூட்டமும் 4 ஏறியிருக்கிறது. அது திப்பியோ வெயிலோ, தேர்வு இல்லை. மீதி 6. நாற்பதில் ஆறு, 0.15. ஒரே தலைமுறைக் கணக்கு ஆடும், மூன்று நான்கு சேர்ந்தால்தான் நம்பலாம். இருந்தாலும் ஏற்றம் இருக்கிறது. பத்துத் தட்டு இல்லாவிட்டால் 10 என்று நினைத்திருப்போம்.

வித்தகத்தார் எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. பிழைப்பையும் இனிமேல் எழுதி வாருங்கள்: இருநூறு விட்டதில் பதின்மூன்றாம் நாள் எத்தனை இருந்தது. இரண்டு தலைமுறை தொடர்ந்து கீழே இருக்கும் குடும்பம் எவ்வளவு பெருத்தாலும் விட்டுவிடுங்கள்.

திப்பிமேடு எழுதியது:

எழுதுகிறேன் ஐயா. இப்போது ஒரு கவலை, பங்குனி பிறந்துவிட்டது. போன வருடம் சித்திரையில் கொட்டகைக்குள் 40 தாண்டியது, பாதிக் கூட்டம் போனது. தேர்வு செய்யாத கூட்டம் அழிந்துவிட்டால் கணக்கே போய்விடும்.

நாகலூர் காபி எழுதியது:

அந்தக் கூட்டத்தில் பாதி முட்டையை மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன் அக்கா, காபிக் களத்துப் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு கீழே இருக்கும் பாதிதான், இங்கே இருப்பது காப்புக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் செக்போஸ்ட் வரை தம்பி வருவான். டப்பா மூடியில் கட்டு எண்ணும் இட்ட தேதியும் எழுதிக் கொடுங்கள், பத்து நாளைக்குப் போதுமான அளவு அதே திப்பியும் ஒரு மூட்டை சேர்த்துக் கட்டுங்கள். இங்கே காபித் தோல்தான் இருக்கிறது, தீனி மாறக்கூடாது.